உதயசீலன் உயிரோடு இருக்க வேண்டும்

பூங்கோதை ஃபியூஸைப் பிடுங்கினாள்.

பீங்கான் கட்டை 'படக்'கென்று கையோடு வந்தது. அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாடியும் கீழுமாக எரிந்துகொண்டிருந்த விளக்குகள் ஒரே மூச்சில் அணைந்தன.

அடுத்த மூச்சில் எல்லாம் மறுபடி எரிந்தன.

"இன்வெர்ட்டர் இருக்கும்மா" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல். அதில் ஆச்சரியம் துளியும் இல்லை. "உள்ள வா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

பூங்கோதைக்கு அவமானமாகப் போய்விட்டது. கடன் வசூல் கம்பெனியில் ஆறு வருஷ சர்வீஸ் அவளுக்கு. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே 'ஊரில் இல்லை' என்று சொல்லச் சொல்கிறவர்களை வெளியே வரவழைக்க ஃபியூஸைவிட நல்ல அழைப்பு மணி கிடையாது என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அப்படிப் பிடுங்கியதில் ஒன்று இப்போதும் அவள் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அடியில் சிவப்புப் பெயிண்டில் 'வி.கே.' என்று எழுதியிருக்கும். எந்த வீட்டுடையது என்பதுதான் நினைவில்லை. அந்த இனிஷியலில் அவள் யாரையும் துரத்தியதாகத் தெரியவில்லை.

செருப்பைக் கழற்றினாள். படியில் விடாமல் காம்பவுண்டு சுவர் மேல் எடுத்து வைத்தாள். நடையில் படுத்திருந்த கறுப்பு நாய் எழுந்தது. போஸ்ட்மேனையே இரண்டு தடவை ஊசி போட வைத்த நாய் என்று எழுத்தாளர் விசாலியின் ரசிகர் குழுவில் எச்சரித்திருந்தார்கள். அது அவளை முகர்ந்து பார்த்தது. வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

'வயசாகிவிட்டது போல' என்று நினைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அழுத்திட்டீங்களா? சொல்லுங்க, அழுத்திட்டீங்களா?"

கூடத்தில் இரண்டு பேர். பனியனும் வேட்டியுமாக எழுபது தாண்டிய ஒருவர் ஈசி சேரில் சாய்ந்திருந்தார். தரையில் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் டீப்பாய். அதன் மேல் சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடிப் பலகை. பலகையின் நடுவில் ஒரு கட்டைவிரல் வைக்கிற அளவுக்குப் பச்சை வட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லை" என்றார் பெரியவர். "அவ காய் நறுக்கி முடிக்கட்டும்."

"நீங்கதானே விசாலி?" என்றாள் அம்மாளிடம்.

"பேரு அவளோடது. குத்தம் என்னோடது."

அவர் பெயர் கேசவமூர்த்தி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் முதல் கதையை ஒரு வாரப் பத்திரிகைக்கு எடுத்துப்போனபோது, பெண் பெயர் இருந்தால்தான் அட்டையில் போடுவேன் என்று ஆசிரியர் சொல்ல, வீட்டில் கைக்கெட்டிய பெண் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டார். விசாலம் விசாலி ஆனாள். அன்றிலிருந்து எழுதுவது அவர். ஆட்டோகிராஃப் போடுவது அவள்.

"கம்பெனிக்காரனுக்கு விசாலின்னா இவதான்" என்றார் கேசவமூர்த்தி. "என் கதையில ஒரு கமாவை மாத்தணும்னாலும் இவ கட்டைவிரல் வேணும். நாலு நாளா கெஞ்சறேன். அவரைக்காய், வெண்டைக்காய்னு ஏதாவது ஒண்ணு வந்துடுது."

விசாலம் நிமிர்ந்தாள். "காபி குடிக்கிறியாம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனாள். பூங்கோதை சட்டென்று குனிந்து கண்ணாடிப் பலகையைத் தூக்கினாள்.

"உடைச்சா வேற அனுப்புவாங்க" என்றார் அவர். "நாளைக்குக் காலைல வந்துடும். கூடவே அபராதச் சீட்டும் வரும்."

மெல்ல வைத்துவிட்டாள்.

கண்ணால் படித்த காலம் மலையேறி வெகுநாளாகிவிட்டது. இப்போது காதுக்குப் பின்னால் வாசிப்பி. எட்டணாக் காசு அளவுதான். படுக்கும்போது ஒரு நாவலை வாங்கி ஏற்றிக்கொண்டால், விடியும்போது படித்து முடித்திருப்பீர்கள். அழுத ஈரம் தலையணையில் இருக்கும். கதை உங்கள் மண்டைக்குள் இருக்கும். ஆனால் உங்களுடையதாக இருக்காது. கம்பெனியின் ஒப்பந்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது: மண்டை வாசகருடையது, கதை ஆசிரியருடையது. ஆசிரியர் மனசு மாறினால் ஒரு திருத்தம் அனுப்புவார். வாசகர்கள் தூங்கும்போது அது உள்ளே போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் எல்லா வாசகர்களுக்கும் அறிவிப்பு வந்திருந்தது. 'இன்றிரவு, நீலக் குடை நிற்கும் இடம் என்ற தங்கள் நாவல் திருத்தப்படலாம். உறக்கத்தில் சிரமம் ஏற்பட்டால் தண்ணீர் அருந்தவும்.'

"உதயசீலனைக் கொல்லப் போறீங்களாமே?" என்றாள் பூங்கோதை.

"அவன் வெள்ளத்துல போறான்மா. போனவன் போனதுதானே நியாயம்?"

"போறான். ஆனா திரும்பி வரான்! அரக்கோணம் பிளாட்பாரம். கொட்டற மழை. சாருமதி குடையோட நிக்கறா. எல்லாரும் அவன் செத்துட்டான்னு சொல்லியாச்சு. ரயில் போனதும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வரான். அவ முன்னாடி நின்னு 'லேட்டாயிடுச்சா?'ன்னு கேக்கறான். சார், எங்க குழுவில அந்த வரியைக் கையில பச்சை குத்திக்கிட்டவங்க இருக்காங்க!"

"அதான் தப்பு." கேசவமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாரு. சாருமதி மூணு அத்தியாயம் அந்தக் குடையோட நிக்கறா. எதுக்கு? வரமாட்டான்னு தெரிஞ்சும் நிக்கறா. அப்படி நின்னாத்தான் அவ சாருமதி. அவன் பாட்டுக்கு வந்து 'லேட்டாயிடுச்சா'ன்னா, இவ என்ன பஸ்ஸுக்கு நின்னவளா?"

"ஊர்ல செத்தவங்க யாரும்தான் திரும்பி வரதில்லையே, சார். எங்கப்பா வரலை. கதையிலயாவது ஒருத்தன் வரட்டுமே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கேசவமூர்த்தி பனியனுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

விசாலம் காபியோடு வந்தாள். பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். பூங்கோதை வாங்கி ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. அவளுக்குச் சர்க்கரை பிடிக்காது. சொன்னோமா என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

"உனக்குப் பிடிக்கலைன்னா வாசிப்பியைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கேன்" என்றாள் விசாலம்.

"கழட்டினா மொத்தக் கதையும் போயிடும் ஆன்ட்டி. உதயசீலன், சாருமதி, அரக்கோணம் எல்லாமே. வாடகை வீட்டைக் காலி பண்ற மாதிரி துடைச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. கதை மட்டும் போனாக்கூடப் பரவால்ல..." குரல் இறங்கியது. "கதையோட ஒட்டிக்கிட்டிருக்கறதும் சேர்ந்து போகும்."

"ஒட்டிக்கிட்டிருக்கறதுன்னா?"

"எங்க மேனேஜரைக் கேளுங்க. ஒரு பேய்க்கதையைக் கொடைக்கானல்ல ஹனிமூன் போனப்போ ஏத்திக்கிட்டாராம். அதை எழுதினவர் பேயை எடுத்துட்டுத் திருடனைப் போட்டுட்டார். பேயோட கொடைக்கானலும் போச்சு. இப்ப அவர், தான் கொடைக்கானலே பாத்ததில்லைன்னு சாதிக்கிறார். வெறும் ஊட்டியாம்! அவர் பெண்டாட்டி கதை படிக்கறதில்லை. அவங்களுக்கு எல்லாம் ஞாபகமிருக்கு. ஃபோட்டோவைக் காட்டினா, 'உன் பக்கத்துல நிக்கறது யாரு, என் ஜாடைல இருக்கான்'ங்கறார். அந்தம்மா அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு."

விசாலம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பது தோளில் தெரிந்தது.

"அதெப்படி, கொடைக்கானல் போன இடத்துல ஊட்டி வந்தது?" என்றாள்.

"மூளை காலியா விடாதாம் ஆன்ட்டி. பல்லு போன இடத்துல பல்லு கட்டற மாதிரி, கைக்குக் கிடைச்சதை வெச்சு அடைச்சுக்கும். எங்க வீட்டுக்காரர்தான் சொல்வார். பல் செட் செய்யறவர்."

"கல்யாணமாயிடுச்சா?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினாள். ஃபியூஸ் உள்ளே 'டக்'கென்று மோதியது. பத்திரிகையின் மேல் மூலையில் பிள்ளையார். கீழ் மூலையில் நீலக் குடை. அதற்கடியில் பொன்னெழுத்தில், 'லேட்டாயிடுச்சா?'

விசாலம் எட்டிப் பார்த்து மாப்பிள்ளை பெயரைப் படித்தாள். கிரிவாசன். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எங்கே பாத்தீங்க ரெண்டு பேரும்?"

"தாம்பரம் ஸ்டேஷன்ல. நீலக் குடை ரசிகர் கூட்டம். அன்னிக்கு அப்படி ஒரு மழை. எல்லாரும் வந்தாச்சு, ஒரே ஒருத்தர் வரலை. திட்டிக்கிட்டே கிளம்பறப்போ இவர் வந்தார். என் முன்னாடி நின்னு குடையை மடக்கினார். 'லேட்டாயிடுச்சா?'ன்னார். வேற ஒண்ணுமே சொல்லலை ஆன்ட்டி. எனக்கு அப்பவே முடிஞ்சு போச்சு."

"அதனால?"

"அதனாலயா? இன்னிக்கு ராத்திரி அந்த வரி போச்சுன்னா அந்த மழையும் போயிடும். அவர் மண்டைலயும் போகும், என் மண்டைலயும் போகும். நாளைக்குக் காலைல எழுந்திரிச்சா, பல் செட் பண்ற ஒரு ஆள் என்னைக் கட்டிக்கப் போறார். ஏன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"வரி இல்லாட்டா அவனைப் பிடிக்காதா உனக்கு?"

பூங்கோதைக்குக் கண் நிறைந்தது. "தெரியாதே ஆன்ட்டி. அதானே பயமா இருக்கு. அடியில ஒண்ணுமே இல்லைன்னா?"

அப்போது அவள் ஃபோன் அலறியது. ஸ்பீக்கரைத் தவறுதலாக அழுத்திவிட்டாள். கிரிவாசன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"கோதை, பார்த்துட்டியா அவரை? இங்க டெக்கரேஷன்காரன் உயிரை எடுக்கறான். மேடைக்கு நாப்பது நீலக் குடை சொல்லியிருந்தோமே, வெக்கவா வேணாமாங்கறான். வெச்சு, நாளைக்கு நமக்கே எதுக்குன்னு தெரியலைன்னா மானம் போயிடும்மா! மழைக் கோட்டுக் கம்பெனி விளம்பரம்னு நினைச்சுப்பாங்க."

"பேசிட்டிருக்கேன்."

"அடிக்காத யாரையும். பெரியவங்க. சாப்பிட்டியா?"

"இல்லை."

"வரும்போது ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு வா. வெறும் வயித்துல கத்தினா உனக்குத் தலை வலிக்கும்."

ஃபோன் நின்றது. விசாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். புடவையில் கையைத் துடைத்தாள்.

"என்னங்க," என்றாள் கணவரிடம். "நிச்சயமா? இதுக்கப்புறம் மறுபடியும் மனசு மாறிச்சு, அது இதுன்னு வந்து நிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"உங்களுக்குத் தூக்கம் வருமா இன்னிக்கு?"

"வரும்னுதான் நினைக்கறேன், விசாலம்."

பூங்கோதை ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். பாய்ந்து விசாலத்தின் வலது கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்குகிற மாதிரி.

"விடமாட்டேன். ராத்திரி பூரா இப்படியே உக்காந்திருப்பேன்."

"சரி," என்றாள் விசாலம். வாகாக நகர்ந்து உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினாள். இடது கட்டைவிரலை வட்டத்தில் வைத்தாள்.

'டிங்.'

பச்சை வட்டம் அணைந்தது.

"கம்பெனில ரெண்டு விரலையும் பதிஞ்சுக்கிட்டாங்கம்மா," என்றார் கேசவமூர்த்தி வருத்தத்தோடு. "காய் நறுக்கறவங்களுக்கு எந்த விரல்ல கட்டு இருக்கும்னு சொல்ல முடியாதுன்னு."

இன்வெர்ட்டர் எங்கோ மூலையில் முனகிக்கொண்டிருந்தது.

பூங்கோதை கத்தவில்லை. கத்தத்தான் வந்திருந்தாள். இப்போது எதைக் கத்துவது என்று தெரியவில்லை. பத்திரிகையை எடுத்தாள். மறுபடி டீப்பாய் மேலேயே வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு அவரைப் பாக்கறப்போ எனக்கு ஒண்ணுமே தோணலைன்னா, நான் என்ன பண்றது ஆன்ட்டி?"

"தோணும்."

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"விசாலம்!" என்று கேசவமூர்த்தி குறுக்கே வந்தார். "சொல்லக் கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு."

"ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. நான் பாத்துக்கறேன்." விசாலம் முழங்காலில் கை ஊன்றி எழுந்து வந்தாள். "அந்த ஃபியூஸைக் குடுத்துட்டுப் போ. இன்வெர்ட்டர் எத்தனை நேரம் தாங்கும்?"

பூங்கோதை கைப்பையைத் திறந்தாள். துழாவி எடுத்தாள். கூடத்து வெளிச்சத்தில் அப்போதுதான் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

அடியில் சிவப்புப் பெயிண்ட். வி.கே.

"பாத்திரத்துல பேர் வெட்டுவோம் இல்லையா, அந்தப் பழக்கம்" என்றாள் விசாலம். "வீட்ல ஒரு பொருள் விடமாட்டேன். விசாலம் கேசவமூர்த்தி."

பூங்கோதை கட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இதே மாதிரி ஒண்ணு... என் மேசைல..."

"அதுவும் எங்களுதுதான். போன வருஷம் பிடுங்கிட்டுப் போனே. விடிய விடிய விசிறி இல்லாம கிடந்தோம். அப்புறம்தான் இன்வெர்ட்டர் வாங்கினோம். செருப்பைப் படியில விட்டே, நாய் கடிச்சுடுச்சு. இன்னிக்குப் பாத்தேன், நேராச் சுவர் மேல வெக்கறே."

"எனக்கு இந்த வீடே தெரியாது ஆன்ட்டி!"

"மண்டைலேர்ந்துதான் எடுக்கறாங்க. கால்லேர்ந்து எடுக்க அவங்களுக்குத் தெரியலை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் இவர் எழுதறதைப் படிக்கறதே இல்லையே."

ஈசி சேரில் கேசவமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"போன வருஷம் நான் எதுக்கு வந்தேன்?"

விசாலம் அவள் தோளில் கை வைத்தாள்.

"உதயசீலனை உயிரோட கொண்டு வந்துடாதீங்கன்னு அழறதுக்கு."

பூங்கோதை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல இவர் எழுதினப்போ அவன் செத்துதாம்மா போனான். பதினெட்டு வருஷம் செத்தே கிடந்தான். போன வருஷம் இவருக்கு நெஞ்சுல ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும், ஒருத்தனும் சாகக்கூடாது, எழுப்பிடறேன்னு உக்காந்துட்டார். அதுக்குத்தான் நீ ஓடி வந்தே. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க சார், வந்தாங்கன்னு எழுதினா எங்கப்பாவைக் கேலி பண்ற மாதிரின்னு, இதே இடத்துல நின்னு அழுதே."

"அப்போ... தாம்பரம்? மழை? குடை?"

"அன்னிக்குத் தாம்பரத்துல மழையே இல்லைன்னுதான் சொன்னே. உதயசீலன் சாகற அத்தியாயத்தை யாரோ கூட்டத்துல படிச்சாங்களாம். நீ தேம்பினியாம். பக்கத்துல இருந்த பையன் ஒண்ணும் பேசாம கர்ச்சீப்பை நீட்டினானாம். அந்தச் சாவு இல்லைன்னா எங்க காதலே இல்லை ஆன்ட்டின்னே."

விசாலம் ஃபியூஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வருஷம் கர்ச்சீப்பு. இந்த வருஷம் குடை. நாளைக்கு என்ன வருமோ, தெரியலை. பையன் மட்டும் அதே கிரிவாசன்தான். அப்பவும் நடுவுல ஃபோன் பண்ணி, சாப்பிட்டியான்னு கேட்டான்."